பெயர்ப் பலகை இல்லாத பழைய எஞ்சினை அடையாளம் காண்பது எப்படி?

பழைய இயந்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இப்படி ஒரு எஞ்சினாவது நிற்கும்: ஆள் உயர வார்ப்பிரும்பு, பக்கத்தில் ஃப்ளைவீல் என்ற பெரிய கனத்த சக்கரம், எதற்கென்றே புரியாத நெம்புகோல்கள். அட்டையில் 'வாயு எஞ்சின், சுமார் 1880' என்று ஒரே வரி. யார் செய்தது, எப்படி ஓடியது, ஏன் இப்படி ஒரு உருவம் என்று எதுவும் இருக்காது. பெரும்பாலானவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த எஞ்சின்தான் அந்தக் கூடத்திலேயே சுவாரசியமானது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அட்டை சொல்லாததை எஞ்சினே சொல்லிவிடும்.

இன்றைய கார் எஞ்சின்கள் எல்லாம் ஒரே குடும்பம். பிஸ்டன், அதன் போக்குவரவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க், வால்வு, ஸ்பார்க் பிளக், வரிசை மாறாது. 1860-க்கும் 1890-க்கும் இடைப்பட்ட காலத்தில் அப்படி ஒரு வரிசையே முடிவாகவில்லை. பிஸ்டன் ஒன்று வேண்டுமா இரண்டு வேண்டுமா, வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுவதா இழுப்பதா, நெருப்பைச் சிலிண்டருக்குள் கொண்டுபோவது எப்படி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை வைத்திருந்தார்கள். ஆகவே அந்தக் கால எஞ்சினில் விநோதமாகத் தெரியும் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு சிக்கலுக்கான விடை. எந்தச் சிக்கல் என்று கண்டுபிடித்தால் எஞ்சினின் பெயர் தானாக வரும்.

முதலில், இது உள்ளெரி எஞ்சின்தானா?

எரிபொருள் சிலிண்டருக்கு உள்ளேயே எரிந்து, அந்தச் சூட்டில் விரியும் வாயு பிஸ்டனை நகர்த்தினால் அது உள்ளெரி எஞ்சின். நீராவி எஞ்சினில் நெருப்பு வெளியே, கொதிகலனுக்கு அடியில் இருக்கும். இன்னொரு வகையும் உண்டு: வெப்பக்காற்று எஞ்சின். அதில் அடைபட்ட காற்றை வெளியிலிருந்து சூடாக்கிக் குளிரவைத்து வேலை வாங்குவார்கள். வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்ற அமெரிக்காவில் நிறைய விற்ற எரிக்சன், ரைடர் எஞ்சின்கள் இந்த வகை. பார்வைக்கு இவை சின்ன வாயு எஞ்சின் மாதிரியே இருக்கும், ஆளை நன்றாக ஏமாற்றும்.

பிரித்தறிவது கடினமல்ல. அடியில் அடுப்பு மாதிரி ஒரு அறை இருந்து, வாயுவோ எண்ணெயோ சிலிண்டருக்குள் போக வழியே இல்லையென்றால் அது வெப்பக்காற்று எஞ்சின். அப்படி அடுப்பறை இல்லாமல், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட இரட்டைச் சுவர் இருந்தால், அல்லது வெளியே குளிர்விக்கும் வரிவரியான துடுப்புகள் இருந்தால், பெரும்பாலும் உள்ளெரி எஞ்சின்தான். நீராவி எஞ்சினின் சிலிண்டரைச் சூடு குறையாமல் பொதிந்து வைப்பார்கள். அதைக் குளிர்விக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இந்தச் சோதனை உடனே கைகொடுக்கும் இடம் லென்வார் எஞ்சின். பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் வேலை பார்த்த எத்தியென் லென்வார் 1860-இல் காப்புரிமை பெற்றது. ஓரளவுக்கு நன்றாக விற்ற முதல் உள்ளெரி எஞ்சின் இதுதான். பாரிஸில் உள்ள கலை மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் இதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் நீராவி எஞ்சின்: படுக்கைவாட்டுச் சிலிண்டர், இரு பக்கமும் நகர்ந்து நகர்ந்து வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு, பிஸ்டனின் இரு முகத்திலும் மாறிமாறி வேலை. அருகே போய் சிலிண்டரின் இரு முனைகளையும் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் மின்பொறிக்கான முளை ஒன்று, அதற்குக் கம்பி வந்து சேரும் அமைப்பு. நீராவிக்கு எதற்கு மின்பொறி? அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

லென்வார் எஞ்சின் வாயுவையும் காற்றையும் அழுத்தவில்லை. பாதித் தூரம் உறிஞ்சும், அங்கேயே பற்றவைக்கும், மீதித் தூரம் தள்ளும். அதனால் வாயு ஏராளமாகச் செலவானது, சிலிண்டர் பயங்கரமாகச் சூடேறியது. அடுத்து வந்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டு குறைகளோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

நெருப்பு எந்த வழியாக உள்ளே போகிறது?

அடையாளம் காண்பதில் எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி இதுதான். எஞ்சினின் முகத்தைப் பார்க்காமல் சிலிண்டரின் மூடிய பின்பக்கத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே என்ன இருக்கிறது?

தட்டையான ஒரு இரும்புப் பலகை, ஸ்பிரிங்குகளால் இறுக்கிப் பிடித்த உறையோடு, குறுக்கே நகரும்படி இருந்தால் அது சுடர் கடத்தும் ஸ்லைடு வால்வு. இதன் வேலை அழகானது. வெளியே ஒரு சிறு வாயு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நகரும் பலகைக்குள் ஒரு குழி. பலகை வெளிப்பக்கம் வரும்போது குழியில் உள்ள வாயு அந்த விளக்கில் பற்றிக்கொள்ளும். பலகை உள்நோக்கி நகரும்போது வெளிவாசல் மூடிக்கொள்ள, எரிகிற குழி சிலிண்டரின் துளைக்கு நேராக வந்து உள்ளே இருக்கும் கலவையைப் பற்றவைக்கும். வெடிப்பில் குழியின் சுடர் அணைந்துவிடும். திரும்ப வெளியே வந்து விளக்கில் மறுபடி பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிப்புக்கும் இவ்வளவும் நடந்தாக வேண்டும். பலகைக்கும் சிலிண்டருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் வாயு கசியும். ரொம்ப இறுக்கினால் பலகை தேயும். அதனால்தான் இந்த எஞ்சின்களில் கலவையை அதிகமாக அழுத்த முடியவில்லை, வேகமாகவும் ஓட்ட முடியவில்லை. இப்படியொரு ஸ்லைடைப் பார்த்தால் பெரும்பாலும் 1860-களிலிருந்து 1880-களுக்குள் செய்த எஞ்சின் என்று எண்ணலாம்.

பலகைக்குப் பதிலாக, சிலிண்டர் தலையில் ஒரு சின்னப் புகைப்போக்கி மாதிரி கூடு நிற்கிறதா? அது சூட்டுக்குழாய். விரல் அளவில் ஒரு குழாய். வெளிமுனை அடைத்திருக்கும், உள்முனை சிலிண்டருக்குள் திறந்திருக்கும். கூட்டுக்குள் பர்னர் ஒன்று அந்தக் குழாயைச் சிவக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் கலவையை அழுத்தும்போது, முந்தைய சுற்றின் எரிந்த வாயுவைக் குழாயின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு புதுக் கலவை உள்ளே நுழையும். சிவந்த பகுதியைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும். நகரும் உறுப்பே கிடையாது. கோட்லீப் டைம்லர் 1880-களில் தன் வேக எஞ்சினுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டார். புகைப்போக்கிக் கூடு தெரிந்தால் 1880-களின் நடுவிலிருந்து 1900-க்குச் சற்றுப் பின் வரை என்று மனதில் குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் மின்சாரம். இங்கே புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது வழக்கம். மின்பொறி என்றால் பிந்தைய காலம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். 1860-இலேயே லென்வார் மின்பொறியில்தான் ஓட்டினார். பேட்டரியும், பொறிக்கான உயர்மின்னழுத்தம் தரும் ரும்கார்ஃப் சுருளும் தினசரி வேலைக்கு நம்பகமாக இல்லாததால் அடுத்தவர்கள் சுடருக்குப் போனார்கள். மின்சாரம் திரும்பி வந்தது மேக்னெட்டோவோடு, அதாவது எஞ்சின் சுற்றும்போது காந்தத்தைக் கொண்டு தானே மின்சாரம் உண்டாக்கும் கருவியோடு. நிலையான எஞ்சின்களுக்கான குறைமின்னழுத்த மேக்னெட்டோவை ராபர்ட் போஷ் 1887-இல் செய்தார். ஸ்பார்க் பிளக்கோடு வேலை செய்யும் உயர்மின்னழுத்த வகை அதே நிறுவனத்திலிருந்து 1902-இல் வந்தது. எனவே பார்க்க வேண்டியது மின்சாரம் உண்டா இல்லையா என்பதல்ல, எந்த வகை என்பது.

இவை எதுவும் இல்லாமல், சிலிண்டருக்குப் பின்னால் பானை மாதிரி ஒரு வார்ப்பிரும்புக் குமிழும் அதன் அடியில் ஊதுவிளக்கு வைக்க இடமும் இருந்தால் எண்ணெய் எஞ்சின். ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட்டின் 1890 காப்புரிமையை வைத்து இங்கிலாந்தின் கிரான்தம் நகரில் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் செய்த எஞ்சின்கள் இந்த வகைக்கு முதல் எடுத்துக்காட்டு. கிளப்பும்போது மட்டும் விளக்கால் குமிழைச் சூடாக்குவார்கள். ஓட ஆரம்பித்த பின் வெடிப்பின் சூடே குமிழைக் காய்ச்சி வைத்துக்கொள்ளும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் கிணற்று நீர் இறைக்க எண்ணெய் எஞ்சின்களைப் பரப்பப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முனைந்து வேலை செய்தார். ஆகவே கிணற்றடி ஆயில் எஞ்சின் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் சாயல் ஓரளவு பழகியதாகவே தெரியும்.

பிஸ்டனைத் தூக்கி எறிந்த எஞ்சின்

விநோத எஞ்சின்களில் எனக்குப் பிடித்தது ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். செங்குத்தான தூண் ஒன்று. முதலில் வந்த சிலவற்றில் கோயில் தூண் மாதிரி பள்ளவரிகள்கூட இருக்கும். தூணின் மேல்வாய் திறந்திருக்கும். அதற்கு மேலே ஒரு ஃப்ளைவீல், தண்டு. தூணுக்குள்ளிருந்து பற்கள் வெட்டிய நீண்ட இரும்புச் சட்டம் ஒன்று மேலே எட்டிப் பார்க்கும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் எங்கே, கிராங்க் எங்கே என்று தேடினால் கிடைக்காது.

இது ஓட்டோ-லாங்கன் எஞ்சின். விற்பனைப் பிரதிநிதியாக இருந்த நிக்கோலஸ் ஓட்டோவும் பொறியாளர் ஓய்கன் லாங்கனும் 1864-இல் கொலோன் நகரில் நிறுவனம் தொடங்கி, 1867 பாரிஸ் கண்காட்சிக்கு இதைக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் திறந்த மேல்வாயும் பற்சட்டமும் எதற்கு? வெடிப்பு நேரடியாகத் தண்டைச் சுழற்றுவதே இல்லை என்பதுதான் விஷயம். பிஸ்டன் அடியிலிருந்து கொஞ்சம் தூக்கப்பட்டு வாயுவையும் காற்றையும் உறிஞ்சும். ஸ்லைடு சுடரைக் கொண்டுவரும். வெடிப்பு பிஸ்டனை மேலே தூக்கி எறியும், எந்தத் தண்டோடும் பிணைப்பில்லாமல், தன் போக்கில். எறிந்த வேகத்தில் பிஸ்டன் மேலே போய்க்கொண்டே இருக்க, கீழே வாயு விரிந்து குளிர்ந்து அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். மேல்வாய் திறந்திருக்கிறதல்லவா? இப்போது வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். பிஸ்டனின் சொந்த எடையும் சேர்ந்துகொள்ளும். இறங்கும்போதுதான் பற்சட்டம் தண்டைப் பிடித்துச் சுழற்றும். ஏறும்போது பிடிக்காமல், இறங்கும்போது மட்டும் பிடிக்கும் அந்தக் கிளட்ச் லாங்கனின் சாதனை. சைக்கிளின் பின்சக்கரத்தில் பெடலைப் பின்னால் சுற்றினால் சக்கரம் சும்மா இருக்கிறதே, அதே வேலைதான் இங்கே பெரிய அளவில்.

இத்தாலியப் பாதிரியார் எவ்ஜேனியோ பர்சாந்தியும் ஃபெலிச்சே மத்தேயுச்சியும் 1850-களிலேயே கட்டற்ற பிஸ்டன் எஞ்சினுக்கான யோசனையை வெளியிட்டு, 1854-இல் இங்கிலாந்தில் காப்புரிமையும் பெற்றிருந்தார்கள். அதை அன்றாடம் வேலை செய்து, காசுக்கு விற்கும் பொருளாக ஆக்கியது கொலோன் பட்டறை.

ஓடும்போது இது போடும் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. பற்சட்டம் கடகடவென்று மேலே பாயும், ஒரு கணம் தாமதிக்கும், பெருமூச்சு மாதிரி ஒலியோடு இறங்கும். பாரிஸ் கண்காட்சியில் இதைப் பார்த்த நடுவர்கள் முதலில் பெரிதாக மதிக்கவில்லை. நடுவர்களில் ஒருவராக இருந்த ஃபிரான்ஸ் ரௌலோ, லாங்கனோடு படித்தவர், எத்தனை வாயு செலவாகிறது என்று அளந்து பாருங்கள் என்று வற்புறுத்தினார். அளந்தார்கள். லென்வார் எஞ்சின் குடித்ததில் பாதிகூட இல்லை. தங்கப் பதக்கம் இந்தச் சத்தக்கார எஞ்சினுக்குப் போனது.

இதற்கு ஒரு வரம்பும் உருவத்திலேயே எழுதியிருக்கிறது. அதிகத் திறன் வேண்டுமென்றால் பிஸ்டன் இன்னும் உயரம் பறக்க வேண்டும். 3 குதிரைத்திறனுக்கே பத்து முதல் பதின்மூன்று அடி உயரக் கூரை தேவைப்பட்டது. அதற்கு மேல் போக வழியில்லாமல்தான் ஓட்டோ வேறு பாதை தேடினார்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு குட்டி எஞ்சின் பிஷோப். அலெக்சிஸ் த பிஷோப் என்ற பிரெஞ்சுக்காரர் 1870-களின் தொடக்கத்தில் வடிவமைத்து, இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஆண்ட்ரூ நிறுவனம் செய்து விற்றது. இதுவும் செங்குத்து, இதுவும் கலவையை அழுத்தாது. ஆனால் பற்சட்டம் இல்லை, கிராங்க் உண்டு. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இல்லை, துடுப்புகள் மட்டும். சிலிண்டர் சுவரில் சின்னத் துளை, அதன் வெளியே ஒரு சுடர். பிஸ்டன் அந்தத் துளையைத் தாண்டி ஏறியதும் உறிஞ்சலில் சுடர் உள்ளே இழுக்கப்பட்டுப் பற்றிக்கொள்ளும். சிறு அச்சுக்கூடம், தையல் பட்டறை மாதிரி இடங்களுக்கான எஞ்சின். உருவம் சின்னது, துடுப்புகள் பளிச்சென்று தெரியும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

எத்தனை சுற்றுக்கு ஒரு வெடிப்பு?

1876-இல் ஓட்டோ நான்கடி (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சினைச் செய்து முடித்தார். இங்கே அடி என்றால் நீள அளவு அல்ல, பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஒரு போக்கு. உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியேற்று. தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. இங்கிலாந்தில் இதைச் செய்யும் உரிமையை மான்செஸ்டரின் கிராஸ்லி சகோதரர்கள் வாங்கியிருந்தார்கள். பழைய பற்சட்ட எஞ்சினோடு ஒப்பிட்டு, 'சத்தமில்லா ஓட்டோ' என்று பெயர் வைத்து விற்றார்கள்.

அடையாளம் காண்பவருக்கு இது தரும் தடயம் தங்கமானது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வால்வு திறக்க வேண்டுமென்றால், கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றும் இன்னொரு தண்டு வேண்டும். சிலிண்டரின் பக்கவாட்டில், முன்னிருந்து பின்வரை ஓடும் மெல்லிய தண்டைத் தேடுங்கள். அது கிராங்க்ஷாஃப்டோடு சேரும் இடத்தில் இரண்டு கியர்கள். பற்களை எண்ணுங்கள். ஒன்றில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு மற்றதில் இருந்தால் நான்கடி எஞ்சின். எண்ணும் ஆசையில் ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டாம். ஊழியரிடம் கேளுங்கள், பலர் சந்தோஷமாகவே சுற்றிக் காட்டுவார்கள்.

பாதிவேகத் தண்டு இல்லாவிட்டால்? இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

காப்புரிமை வளைத்த இரும்பு

ஓட்டோவின் காப்புரிமை அகலமானது. ஜெர்மனியில் 1877-இல் 532 என்ற எண்ணில் பதிவானது. நான்கடி முறையில் யார் எஞ்சின் செய்தாலும் வழக்கு. இங்கிலாந்தில் 1882-இல் லின்ஃபோர்டு என்பவருக்கு எதிரான வழக்கில் ஓட்டோ தரப்பு வென்றது. அங்கே அந்தக் காப்புரிமை 1890 வரை உயிரோடு இருந்தது. ஜெர்மனியிலோ, அல்ஃபோன்ஸ் போ த ரோஷா என்ற பிரெஞ்சுக்காரர் 1862-இலேயே நான்கடி முறையை எழுதி வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்து, 1886-இல் காப்புரிமை ரத்தானது.

ஆகவே 1877-க்கும் 1890-க்கும் இடையில் ஓர் ஆங்கிலேயர் எஞ்சின் விற்க நினைத்தால், ஓட்டோ செய்ததைச் செய்யாமல் அதே பலனை அடைய வேண்டும். அந்தக் காலத்து எஞ்சின்களின் கோணல்மாணலான உருவங்களில் பாதிக்கு இதுதான் காரணம். இது தெரியாமல் அவற்றைப் பார்த்தால் யாரோ கிறுக்குத்தனமாகச் செய்தது மாதிரித் தோன்றும். தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு நெம்புகோலும் வக்கீலுக்குப் பயந்து வளைந்தது என்பது புரியும்.

ஸ்காட்லாந்துக்காரர் டுகால்டு கிளார்க் ஒரு வழி கண்டார். 1881-இல் காப்புரிமை பெற்ற அவரது எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள். ஒன்றில்தான் வெடிப்பு, மற்றது புதுக் கலவையை இழுத்து முதல் சிலிண்டருக்குள் தள்ளிவிடும் வேலையை மட்டும் செய்யும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. இரட்டைச் சிலிண்டரில் ஒன்றுக்கு மட்டும் பற்றவைக்கும் அமைப்பு இருந்து, மற்றதற்கு எதுவும் இல்லாமல், இரண்டின் கிராங்குகளும் ஏறத்தாழ செங்கோணத்தில் விலகி நின்றால் கிளார்க் எஞ்சினோ அதன் உறவினரோ என்று சந்தேகிக்கலாம். வெடிக்கும் சிலிண்டரின் கோடியில், பிஸ்டன் நகர்ந்து திறந்துவிடும் புகைத்துளைகளும் தெரிய வேண்டும். இன்றைய இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்களின் முன்னோர் இது.

இன்னும் துணிந்தவர் ஜேம்ஸ் அட்கின்சன். 1885-இல் லண்டன் கண்காட்சியில் அவர் வைத்த 'டிஃபரென்ஷியல்' எஞ்சினில் ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக; இரண்டு பக்கமும் வளைந்த நெம்புகோல்கள். ஆனால் நான் எல்லாருக்கும் பார்க்கச் சொல்வது 1887-இல் அவர் கொண்டுவந்த 'சைக்கிள்' எஞ்சினை. இதை ஒரு பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அட்டை இல்லை என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் படுக்கைவாட்டில். தண்ணீர் உறை இருக்கிறது, எனவே உள்ளெரி எஞ்சின். பின்னால் போனால் சூட்டுக்குழாய்க்கான புகைப்போக்கி. 1880-களின் நடுவுக்குப் பிறகு. வால்வுகள் மேலெழும்பும் வகை. பாதிவேகத் தண்டைத் தேடினால் இல்லை. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள வட்டுகளான கேம்கள் நேராகக் கிராங்க்ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஆகவே இரண்டடியா? ஆனால் கிளார்க் மாதிரி தள்ளும் சிலிண்டர் இல்லை. ஒரே சிலிண்டர், ஒரே பிஸ்டன்.

இப்போது பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் நடுவே பாருங்கள். கனெக்டிங் ராட் நேராகக் கிராங்குக்குப் போகாது. இடையில் ஆடும் நெம்புகோல் ஒன்று. பிஸ்டனிலிருந்து வரும் தண்டும் கிராங்கிலிருந்து வரும் தண்டும் அதில் மூட்டுப்போல் சேர்கின்றன. மெதுவாகச் சுற்றச் சொல்லிப் பிஸ்டனைக் கவனியுங்கள். கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் பிஸ்டன் இரண்டு தடவை போய்வருகிறது! நான்கு அடிகளும் ஒரே சுற்றில் முடிகின்றன. அதைவிட முக்கியமானது, அந்த அடிகள் ஒரே நீளத்தில் இல்லை. உறிஞ்சும் அடியும் அழுத்தும் அடியும் குட்டை. வெடித்துத் தள்ளும் அடி அழுத்தும் அடியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்.

காப்புரிமையைத் தவிர்க்கச் செய்த வேலை இது. ஆனால் அட்கின்சன் அதோடு நிற்கவில்லை. ஓட்டோ எஞ்சினில் வெடித்த வாயு இன்னும் தள்ளும் பலத்தோடு இருக்கும்போதே புகைவால்வு திறந்து அதை வீணாக்கும். தள்ளும் அடியை நீளமாக்கினால் அந்த மிச்சப் பலத்தையும் வேலையாக மாற்றிக்கொள்ளலாம். 1888-இல் லண்டனில் நடந்த சோதனைப் போட்டியில் இந்த எஞ்சின் எரிபொருள் சிக்கனத்தில் நல்ல பெயர் வாங்கியது. அத்தனை மூட்டுகளும் தேய்மானமும்தான் அதற்கு எதிராக நின்றன. ஓட்டோ காப்புரிமை முடிந்ததும் எளிய நான்கடி எஞ்சினே வென்றது. ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரின் எஞ்சினில் அதே தத்துவம்தான், நெம்புகோல் இல்லாமல். உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடி, அழுத்தும் அடியின் பலனை மட்டும் குறைத்துக்கொள்கிறது.

ஏமாற்றும் தடயங்கள்

பெயர்ப் பலகை இருந்தாலும் அதையே கடைசித் தீர்ப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். விற்ற முகவரின் பெயரைப் பொறித்த பலகைகள் நிறைய உண்டு. கிராஸ்லியின் எஞ்சினில் ஓட்டோவின் பெயரும் இருக்கும். வடிவமைத்தவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர். பெயிண்ட் எதையும் சொல்லாது, பலமுறை அடித்திருப்பார்கள்.

போல்ட்டின் திருகு மரையை அளந்து எஞ்சின் செய்த நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். விட்வொர்த் என்ற ஆங்கிலேயத் தரத்தின் அங்குல மரை இருந்தால் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பட்டறைகளும் விட்வொர்த் மரையைத் தாராளமாகப் பயன்படுத்தின. மெட்ரிக் மரைக்கு நாடுகள் சேர்ந்து ஒரு தரம் வகுத்ததே 1898-இல் சூரிச்சில்தான்.

பெரிய கண்ணி எது என்றால், பின்னாளில் செய்த மாற்றங்கள். இந்த எஞ்சின்கள் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்தவை அல்ல. முப்பது நாற்பது வருடம் ஏதோ ஒரு பட்டறையில் உழைத்தவை. ஸ்லைடு தேய்ந்தால் உரிமையாளர் சூட்டுக்குழாய் போட்டார். பிறகு யாரோ மேக்னெட்டோ மாட்டினார்கள். நிலக்கரி வாயுவில் ஓடியது பெட்ரோலுக்கு மாறியது. இப்போது அது நிற்கும் கோலத்தை வைத்து வருடம் சொன்னால் இருபது வருடம் தவறும். எனவே பயனில்லாமல் நிற்கும் முளைகள், தகடு வைத்து மூடிய துளைகள், எதையும் தாங்காத தாங்கிகள், கேம் கழற்றிய தண்டு, இவற்றைத் தேடுங்கள். சிலிண்டர் தலையின் பின்முகம் வழவழவென்று கடைந்து, சுற்றிலும் போல்ட் துளைகளோடு இருந்து, மேலே சம்பந்தமில்லாத ஒரு தகடு உட்கார்ந்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் சுடர் ஸ்லைடு ஓடியிருக்கிறது.

சுற்றுமுற்றும் பார்ப்பதும் உதவும். பக்கத்துச் சுவரில் ரப்பர் பை ஒன்று வாயுக்குழாயோடு மாட்டியிருந்தால் ஊர் வாயு இணைப்பில் ஓடிய எஞ்சின். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் குழாயில் அழுத்தம் சட்டென்று குறைந்து பக்கத்து வீடுகளின் வாயு விளக்குகள் துடிக்காமல் இருக்க அந்தப் பை.

நேரில் போய் நிற்கும்போது எதைப் படம் எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் எடுத்து வருவது முன்பக்கத்து அழகான ஒரே படம். அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. சிலிண்டரின் பின்முகம், நேராக. கிராங்க்ஷாஃப்டிலிருந்து வால்வுக்கு இயக்கம் போகும் பாதை, கியர் பற்கள் தெரியும்படி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்த உறுப்பைத் தொடுகிறது என்பது. பிஸ்டனும் கிராங்கும் எப்படி இணைகின்றன என்பதற்குப் பக்கவாட்டுப் படம். கிராங்க்ஷாஃப்டின் முனை, ஃப்ளைவீலின் விளிம்பு, ஸ்லைடு உறை ஆகிய இடங்களில் குத்திய எண்கள் இருந்தால் அவை. ஒரே எண் பல உறுப்புகளில் வந்தால் அவை ஒன்றாகப் பிறந்தவை. சிலிண்டரின் உள்விட்டம், அடியின் நீளம், ஃப்ளைவீலின் விட்டம், இவற்றை ஊழியரின் அனுமதியோடு டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பாய்ன்டனின் ஆன்சன் எஞ்சின் அருங்காட்சியகம், பென்சில்வேனியாவின் கூல்ஸ்பிரிங் ஆற்றல் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய எஞ்சின்களை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். இந்தப் படங்களும் அளவுகளும் கையில் இருந்தால் அப்படி ஓட்டிப் பழகியவர்களிடம் கேட்டுப் பதில் பெறுவது சுலபம்.